பின்கோடு பாவு பிடித்த நாள்

கடவுளுக்கே பின்கோடு சொன்ன மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில், என் வீட்டுக்கு எதிர் வரிசையில் குடியிருந்தார்.

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். இவர் பெயர் சொல்வார், நட்சத்திரம் சொல்வார், அதோடு நிற்காமல் கதவு எண், தெரு, ஆறு இலக்கப் பின்கோடு வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவார். ஒருநாள் குருக்கள் பொறுக்க முடியாமல், "அம்பாளுக்கு அதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டார்.

"எதுக்கா? இந்த ஊர்ல கல்லெடுத்து வுட்டா ஒரு காமாட்சி மேல வுழும், இல்லன்னா ஒரு ஏகாம்பரம் மேல வுழும். எனக்கு அனுப்புற அருள் வேற எவன் வூட்டுக்காவது போச்சுன்னா நீங்க பொறுப்பு எடுத்துப்பீங்களா சாமி?"

குருக்கள் அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து பின்கோடையும் சேர்த்தே சங்கல்பம் செய்தார் என்று கேள்வி.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டுதான். அது ரேஷன் கார்டோடு சரி. தெருவுக்கு அவர் பின்கோடு. "பின்கோடு வந்துக்கினு இருக்குது, கதவச் சாத்து" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். கதவைச் சாத்தினால் கதவு எண் பளிச்சென்று தெரியும் என்பதில் அவருக்குச் சந்தோஷம்தான்.

தொழில், அட்டை அடிப்பது. பட்டுப் புடவையின் டிசைனுக்காகத் தறியின் தலையில் துளை போட்ட அட்டைகள் கோத்துக் கோத்துத் தொங்குமே, அந்தத் துளைகளைப் போடுகிற வேலை. ஒரு துளை இடம் மாறினால் மயிலுக்குக் கழுத்து வர வேண்டிய இடத்தில் கால் முளைத்துவிடும். ஆயுள் முழுக்க அந்த வேலையைச் செய்ததால், உலகத்தில் எது எந்த எண்ணில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எந்தக் கஷ்டமும் வராது என்பது அவருடைய முடிவு.

மனிதர்களையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கதவு எண்தான். நான் பதினொன்று. "இன்னாமா பதினொண்ணு, கொழம்பு அடிபுடிக்கிற வாசன வருதே" என்று தெருவில் நின்றபடியே குரல் கொடுப்பார். என் கணவரும் பதினொன்று. எங்கள் வீட்டுக்கு மருமகள் வந்த மறுநாள் அவளையும் பதினொன்று என்று கூப்பிட்டார். அந்தப் பெண் பயந்துபோய், "அம்மா, இங்க எல்லாருக்கும் ஜெயில்ல மாதிரி நம்பர் குடுத்திருக்காங்க" என்று தாய்வீட்டுக்குப் போன் செய்துவிட்டாள். சம்பந்திகள் ஆட்டோ பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்த நேரத்தைப் பார்க்க மாட்டார், மண்டபத்தின் பின்கோடு இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லை என்றால் மேடை ஏறி, மாப்பிள்ளையின் தலையில் அட்சதை போட்டுவிட்டு, "வாழ்க்கைய ஆரம்பிக்கிறப்பவே விலாசம் அரகொறையா இருக்குதேப்பா" என்று காதில் வருத்தப்பட்டுவிட்டு இறங்குவார்.

சரி, இந்த மனிதருக்குத் தெருவில் ஒரு தண்டனையும் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போனால் கதை விளங்காது.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி ஓடுகிறது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துச் சரிபார்ப்பார்கள். அதுதான் பாவு. மூன்று புடவைக்கான பட்டு அப்படி இடுப்பு உயரத்தில் நீண்டு கிடக்கும்போது எங்கள் தெரு நாய்கூட ஒதுங்கித்தான் நடக்கும். முன்பு இரண்டு முனையிலும் முளை அடித்துக் கட்டுவார்கள். பிறகு எங்களுக்குச் சிமெண்டு ரோடு வந்தது, முளை அடிக்க மண் போனது. ஒரு முனையை மின்கம்பத்தில் கட்டிவிடலாம். மறுமுனையில் கம்பம் கிடையாது. அதனால் அங்கே ஓர் ஆள் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பாவுக் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றி நின்றுவிடுவார். மனித முளை. முளை அசைந்தால் பாவு தொய்யும், தொய்ந்தால் ஈர இழைகள் ஒட்டிக்கொண்டு சிக்கு விழும். அந்தச் சிக்கை எடுப்பதற்குள் கண் அவிந்துவிடும்.

பதினாலாம் எண் காமாட்சியின் பாவுக்கு ஒருமுறை பின்கோடை முளையாக நிறுத்தினார்கள். பாவு பாதி முடிந்தபோது பைக்கில் வந்த கூரியர்க்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி ஏதோ ஒரு விலாசம் கேட்டான். விலாசம் என்ற சொல் காதில் விழுந்ததும் பின்கோடுக்கு உலகம் மறந்துபோனது. கோலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் வீசி, "நேரா போனீன்னா ஒரு வேப்பமரம்" என்று ஆரம்பித்தார். அவர் வேப்பமரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாவு ரோட்டில் படுத்துவிட்டது.

காமாட்சியும் அவள் புருஷன் ஏகாம்பரமும் (ஆமாம், எங்கள் ஊரில் இப்படித்தான் ஜோடி சேரும்) பல நாள் குனிந்த தலை நிமிராமல் சிக்கெடுத்தார்கள். சிக்கெடுத்து முடித்த அன்று காமாட்சி தெருவில் நின்று தீர்ப்புச் சொன்னாள். "இனிமே இந்தாளு பாவு கிட்ட வந்தா, பாவுக் கோலாலயே சாத்துவேன்." அன்றிலிருந்து தெருவில் பாவு நீட்டினால் பின்கோடு தன் வீட்டுப் படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பதோடு சரி. பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அவரை நம்பி யாரும் ஒரு இழையைக்கூடக் கொடுக்கத் தயாராக இல்லை.

இனி தபாலுக்கு வருகிறேன்.

எங்கள் தெரு முசரவாக்கம் போகும் பக்கம், ஊர் முடிகிற இடத்தில், பிறகு முளைத்த தெரு. தபால்காரரின் சுற்று எங்களுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். ஆகையால் எங்கள் கடிதங்கள் அத்தனையும் மெயின் ரோட்டு மாவு மில்லில் வைக்கப்படும். மில்காரர் நல்லவர். கடிதங்களை மிளகாய் அரைக்கிற மிஷினுக்கு மேலே இருந்த பலகையில் பத்திரமாக அடுக்கிவைப்பார். எங்களுக்கு வந்த ஏடிஎம் கார்டு, ஆதார் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாமே காரம்தான். நான் எழுதுகிற பத்திரிகையிலிருந்து எனக்கு வருகிற பிரதியும் அப்படியே. என் கட்டுரையைப் படித்துக் கண்ணீர் விட்ட ஒரே ஆள் என் கணவர். அது மிளகாய்த்தூளால் என்று தெரிய எனக்குக் கொஞ்சகாலம் பிடித்தது.

எங்களுக்கெல்லாம் தும்மலோடு போயிற்று. பின்கோடால் தாங்க முடியவில்லை. "எனக்குக் கதவு இருக்குது, எண்ணு இருக்குது, தெரு இருக்குது. அப்புறம் எதுக்குய்யா என் லெட்டரு மொளகாயோட குடும்பம் நடத்துது?" என்று கேட்டுக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடந்தார். மனு எழுதினார். பதில் வராவிட்டால் மறுபடி எழுதினார். பதில் வந்தால், மில்லில்தான் வந்தது என்பதைக் குறிப்பிட்டு அதற்கும் ஒரு மனு எழுதினார். கடைசியில் ஆபீசர்கள் இறங்கிவந்தார்கள். சில மாதங்களுக்குச் சோதனை முறையில் வீட்டுக்கு வீடு தபால் கொடுக்கப்படும். முடிவில் ஓர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்து பார்ப்பார். அன்றைய தபால் எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்தால் நிரந்தரம். ஒன்று திரும்பினாலும் பழையபடி மாவு மில்.

அந்தச் சோதனைக்காகத் தற்காலிகமாகப் போடப்பட்டவள்தான் ஸ்டெல்லா. திருப்புட்குழிப் பெண். ஸ்கூட்டியில் வருவாள். முதல்நாளே பின்கோடு வழிமறித்தார்.

"உன் பேரு இன்னாமா?"

"ஸ்டெல்லா."

"கதவு நம்பரு?"

அவள் சொன்னாள். பின்கோடையும் தானாகவே சேர்த்துச் சொன்னாள். அந்த நிமிடமே அவர் அவளைத் தங்கச்சியாக்கிக்கொண்டார்.

ஸ்டெல்லா அதற்கு முன்பு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ், சில வாரம் ராத்திரி ஷிப்டு. மகளுக்கு ஐந்து வயது. ஒருநாள் என் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது சொன்னாள்.

"பாப்பா தூங்கறப்ப கெளம்பி, தூங்கறப்பதான்கா வந்துக்கினு இருந்தேன். ஒருநாள் அது என்னப் பாத்து எங்கம்மாகிட்ட, 'இந்த ஆன்ட்டி எப்ப போவும்'னு கேட்டுச்சு. இப்ப நாந்தான் ஸ்கூல்லருந்து கூட்டியாரேன். இந்த ட்ரையல் மட்டும் பர்மனென்ட் ஆவலன்னா திரும்ப அந்த பஸ்சுதான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள், டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. பின்கோடிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல ஏதாவது எண்ணைச் சொல்வார் என்று பார்த்தால், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து எங்கள் தெருவுக்கு ஏழரை பிடித்தது.

எண்ணெய் டின்களை வாங்கி வெட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தபால் பெட்டி மாட்டினார். கதவு எண்ணைப் பனங்காய் அளவுக்குப் பெயிண்டில் எழுதினார். என் டின்னுக்குள் அணில் குடும்பம் புகுந்தது. அதை விரட்டவும் விடவில்லை. "அதுக்கும் ஒரு விலாசம் வோணாமா?" என்று எனக்கு இன்னொரு டின் மாட்டினார்.

இதெல்லாம் பரவாயில்லை. அவர் போட்ட சட்டம் ஒன்றுதான் எங்களை வாட்டியது. கதவு எண்ணுக்கு வந்த தபால் அந்தக் கதவில்தான் சேர வேண்டும், தெருவில் கையில் கொடுக்கக் கூடாது. இதை மனுவிலேயே அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். ஒருநாள் நான் தள்ளுவண்டியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா என் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். நானும் கையை நீட்டினேன். எதிர்ப்படியிலிருந்து இடி இடித்தது.

"தங்கச்சி, குடுக்காத. பதினொண்ணு, நீ வூட்டுக்குப் போ."

"அண்ணா, இங்கதான நிக்கிறேன்."

"நீ நிப்பமா. உன் நம்பரு இங்க நிக்குதா? தெருவுல குடுத்தா அதுவும் மாவு மில்லுதான், மெஷின் மட்டும்தான் இல்ல."

கத்தரிக்காயைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டு வாசலில் போய் நின்று பத்திரிகையை வாங்கிக்கொண்டு, மறுபடி வண்டிக்கு வந்தேன். நல்ல கத்தரிக்காயை எல்லாம் அதற்குள் வேறு யாரோ பொறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவரை நான் மனசுக்குள் திட்டியது இருக்கட்டும். அந்தச் சட்டம் ஒருநாள் அவர் கழுத்தையே சுற்றும் என்று நான் நினைக்கவில்லை.

அது மழைத் தூறலோடு விடிந்த நாள். காமாட்சி அன்று பாவு நீட்டுவதாக இருந்தது. வழக்கமாக விடிகாலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். ரோடு ஈரமாக இருந்ததால் தூறல் விட்டு, தரை காய்ந்து, தபால் வருகிற நேரத்துக்குத்தான் பாவு ஏறியது. முதலாளி கொடுத்த பட்டு, கல்யாணப் புடவைகளுக்கான அரக்குச் சிவப்பு. தெருவே வெளியே வந்து ஆளுக்கொரு குறுக்குக் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எனக்கும் ஒரு கோல், காமாட்சிக்கும் ஒரு கோல். ஒரு கோலைக் கீழே விட்டாலும் அந்த இடத்தில் பாவு குழிந்துவிடும். முளை, ஏகாம்பரம். பின்கோடு, வழக்கம்போலத் தன் படியில், கையைக் கட்டிக்கொண்டு.

ஸ்டெல்லாவின் ஸ்கூட்டி தெருமுனையில் நின்றது. பின்னாலேயே ஒரு பைக். அதிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்ததுமே வந்தவர் யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே இருந்தாள்.

சாதாரணத் தபால்கள் ஒவ்வொன்றாக டின்களில் விழுந்தன. அதிகாரி ஒவ்வொரு டின்னிலும் குனிந்து எண்ணைப் பார்த்தார். பனங்காய் அளவு எண்ணுக்குக் குனிய வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் அதிகாரி அல்லவா. என் இரண்டாவது டின் வரைக்கும் சரியாக வந்தார். முதல் டின்னிலிருந்து அணில் எட்டிப்பார்த்ததை அவர் கவனிக்காத மாதிரி இருந்தது அவருடைய பெருந்தன்மை.

பையில் கடைசியாக ஒரு பதிவுத் தபால் மிஞ்சியது. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

"ஏகாம்பரம், பதினாலு. யாருங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் ஏகாம்பரம், தலையைக்கூடத் திருப்பாமல்.

"வீட்டுக்கு வந்து வாங்கிக்குங்க."

"வர முடியாது சார். நான் முளை."

அதிகாரிக்கு இது புதிய பதில். ஸ்டெல்லா அவசரமாக முன்னால் வந்து பாவின் கதையைச் சொல்லி, "சார், அவரு இங்கதான நிக்கிறாரு, இங்கயே கையெழுத்து வாங்கிக்கவா?" என்றாள்.

"இதுக்கு எதுக்கும்மா ட்ரையல்? உங்க தெரு மனுவுலயே அடிக்கோடு போட்டு எழுதியிருக்காங்க, கதவுலதான் குடுக்கணும், தெருவுல குடுக்கக் கூடாதுன்னு. அதுக்காகத்தான உங்களப் போட்டிருக்கு. ரோட்லயே குடுக்கிறதுன்னா மாவு மில்லே போதும்." குரலில் கோபமில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "வேற ஊருக்கும் போகணும் எனக்கு. வரலன்னா திருப்பி எழுதிடுங்க."

தெரு முழுக்கக் கோலைப் பிடித்தபடியே பின்கோடைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் வெளிறிவிட்டது. தன் வாயால் போட்ட சட்டத்தைத் தானே எப்படி மறுப்பது?

கையில் கோல் இல்லாமல் அந்தத் தெருவில் நின்றவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஸ்டெல்லா தபாலோடு வாசலுக்குப் போக வேண்டியவள். காமாட்சி மிச்சமிருந்த இரண்டு பேரையும் பார்த்தாள். அவள் முதலில் கேட்டது அதிகாரியைத்தான்.

"சார், நீங்க சித்த இந்தக் கயித்தப் புடிச்சிக்கிறீங்களா? ஜல்தியா வந்துடுவாரு."

அதிகாரி இரண்டடி பின்னால் போய்விட்டார்.

காமாட்சி ஸ்டெல்லாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா எதுவும் கேட்கவில்லை. தபாலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அந்தப் பட்டு காமாட்சியுடையதல்ல. சிக்கு விழுந்து பட்டு கெட்டால் முதலாளி அடுத்த பாவு தரமாட்டார், தறி சும்மா கிடக்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். காமாட்சிக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

"யோவ் பின்கோடு" என்றாள். "வா. வந்து புடி."

அவர் நம்பாமல், "நானா?" என்றார்.

"வேற யாரு இருக்கா? இந்தப் பொண்ணுக்கோசரம் குடுக்கிறேன். கை அசஞ்சிதுன்னு வெச்சிக்கோ."

மீதியை அவள் சொல்லவில்லை. பின்கோடு செருப்பை விட்டுவிட்டு இறங்கி வந்தார். ஏகாம்பரம் கயிற்றை அவர் இடுப்புக்கு மாற்றி, கோலைக் கையில் கொடுத்துவிட்டு, விரல் விரலாக விட்டார். பாவு ஒருமுறை நடுங்கி நின்றது. என் கோலிலும் அந்த நடுக்கம் தெரிந்தது. ஏகாம்பரம் தெருவின் மறுகோடியில் இருந்த தன் வீட்டை நோக்கி ஓடினார். ஸ்டெல்லா பின்னால் ஓடினாள். அதிகாரி நடந்தார். அவரை ஓடச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

அப்போதுதான் இன்னொரு பைக் வந்தது.

பழைய கூரியர்க்காரன் இல்லை, கொஞ்சம் வயதான ஆள், பின்சீட்டில் ஒரு பெரிய பார்சல். தெருமுனையில் நின்ற பின்கோடுக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் பின்கோடின் வாயையே பார்த்தோம்.

"அண்ணே, ஒரு அட்ரஸ் கேக்கணும்."

பின்கோடின் தோள் துடித்தது. நான் சத்தியமாகப் பார்த்தேன்.

"முசரவாக்கத்துக்கு இப்பிடிப் போலாமா?"

பின்கோடின் முகவாய் மட்டும் மெல்ல வலப்பக்கம் திரும்பியது. "தலய ஆட்டாத" என்று காமாட்சி பல்லைக் கடித்தாள். முகவாய் பழைய இடத்துக்கு வந்தது.

வந்தவர் பார்சலைத் திருப்பிப் பார்த்தார். "பின்கோடு வேற போட்டிருக்காங்க. ஆனா இந்த நம்பர் இந்தப் பக்கம் இல்லன்னு மில்லுல சொல்றாங்களே" என்று ஆறு இலக்கங்களையும் சத்தமாகப் படித்தார். கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன.

கேட்ட எங்களுக்கே பல் கூசியது என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. உதடுகள் சத்தமில்லாமல் சரியான எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தன. கோலைப் பிடித்திருந்த விரல் முட்டிகள் வெளுத்துவிட்டன. மறுகோடியில் ஸ்டெல்லா பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் துடைக்க வேண்டுமா இந்த மனுஷன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பைக்கில் வந்தவர் விடவில்லை. "மில்லுல கேட்டேண்ணே. இந்தத் தெருவுல பின்கோடுன்னு ஒருத்தர் இருக்காராம். எந்த அட்ரஸ் கேட்டாலும் சொல்லிடுவாராம். அவரு வூடு எது?"

பின்கோடு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"தெரியாதுபா" என்றார். "அப்பிடி யாரும் இங்க இல்ல."

அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. பைக்கில் வந்தவர் சலித்துக்கொண்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். காமாட்சி தலையைக் குனிந்து இழையைப் பார்க்கிறவள் மாதிரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கண் கலங்கியது. மிளகாய்த்தூள் எதுவும் பக்கத்தில் இல்லை.

ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டார். அதிகாரி கதவு எண்ணை ஒருமுறை, டின்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஏகாம்பரம் திரும்பி ஓடிவந்து கயிற்றை வாங்கித் தன் இடுப்பில் சுற்றினார். பாவில் ஒரு இழைகூட நகர்ந்திருக்கவில்லை.

கை விடுபட்டதுதான் தாமதம், பின்கோடு செருப்புகூடப் போடாமல் மெயின் ரோட்டை நோக்கிப் பாய்ந்தார். "யோவ் பார்சல், நில்லுய்யா. கடைசி ரெண்டும் மாத்திப் போட்டிருக்குது. வேப்பமரத்தாண்ட திரும்பு" என்று கத்திக்கொண்டே ஓடினார். ஆறு எண்களும் தெருவுக்கு அப்பால் ரொம்ப தூரத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தன.

"யாருங்க அது?" என்றார் அதிகாரி.

"மனு போட்டவரு சார்" என்றாள் காமாட்சி.

அதிகாரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அதற்குள்ளே சிரித்தாரா என்று தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து ஆணை வந்தது. எங்கள் தெருவுக்குத் தபால் பட்டுவாடா நிரந்தரம். ஸ்டெல்லாவையே அந்தச் சுற்றுக்குப் போட்டிருந்தார்கள். மனு போட்டவர் என்ற முறையில் அது பின்கோடின் பெயருக்கு வந்தது. ஸ்டெல்லா அவர் வாசலில் நின்று, கதவு எண்ணுக்கு நேராக நின்று, உறையைக் கொடுத்தாள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். அவர் உறையை வாங்கி, கண்ணாடியை மாட்டி, மேலே பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"பின்கோடு தப்பு" என்றார்.

"அண்ணா, உள்ள பிரிச்சுப் பாருங்க" என்றாள் ஸ்டெல்லா.

"விலாசமே தப்பா வந்த ஆர்டரு எப்பிடிமா செல்லும்? திருப்பி எழுது. சரியா போட்டு அனுப்பட்டும்."

காமாட்சி அதைப் பிடுங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். பின்கோடு கதவுக்கு வெளியே நின்று, "பதினாலு, கதவத் தொற" என்று அரைமணி நேரம் மன்றாடினார். ஸ்டெல்லா எங்கள் படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதன்பிறகு தெருவில் யார் பாவு நீட்டினாலும் முளைக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். விலாசம் கேட்டு வருகிறவர்களைத் தெருமுனையிலேயே மடக்கி அனுப்புவதற்கு மட்டும் தனியாக ஓர் ஆள் போட வேண்டியிருந்தது.

இப்போது பின்கோடு எங்கள் தெருவில் இல்லை. முழங்கால் வலி வந்ததும் மகள் தென்னேரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், ஏரிக்கரைக்குப் பக்கத்து வீடு. அங்கே அவர்கள் தெருவுக்குத் தபால் எல்லாம் ஒரு டீக்கடையில்தான் வருகிறதாம். போன வாரத்தில் முதல் மனு போய்விட்டது என்று ஸ்டெல்லா சொன்னாள். அவளுடைய மகள் எங்கள் தெருவுக்கு வந்தால் என்னை இன்னமும் "பதினொண்ணு ஆன்ட்டி" என்றுதான் கூப்பிடுகிறாள்.

இந்த இதழ் கைக்கு வந்ததும் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பப்போகிறேன். உறையில் இப்போதே விலாசம் எழுதி வைத்துவிட்டேன். பெயர், கதவு எண், தெரு, தென்னேரி எல்லாம் சரியாக இருக்கின்றன, எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். பின்கோடில் மட்டும் ஓர் எண்ணை வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருக்கிறேன். என்னைத் திட்டி அவர் ஒரு கார்டு எழுதுவார் அல்லவா, அதை என் வாசலில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.